மாதம் மூன்றரை வட்டி! - கிரெடிட் கார்டு பில்லை வீட்டுக் கணக்கில் படிப்பது எப்படி?

வட்டிக் கணக்கு போடத் தமிழ்நாட்டில் பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை. 'ஒரு வட்டி' என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய். 'ரெண்டு வட்டி' என்றால் இரண்டு ரூபாய். அக்கம்பக்கத்தில் யாராவது மூன்று வட்டிக்குக் கடன் வாங்கிவிட்டார் என்று தெரிந்தால் போதும். "மூணு வட்டிக்கா? அப்படி என்ன அவசரம்? நகையை வெச்சிருக்கலாமே!" என்று வீட்டுப் பெரியவர்கள் பதறிவிடுவார்கள். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பல பெயர்களில் குடும்பங்களை அழித்த கடன்களைத் தடுக்க, 2003-ல் தனிச் சட்டமே கொண்டுவந்த மாநிலம் இது.

அதே வீட்டில், மகனின் பர்ஸிலோ மருமகளின் கைப்பையிலோ ஒரு கிரெடிட் கார்டு இருக்கும். கட்டாமல் விடும் பாக்கிக்குப் பல கார்டுகளில் வட்டி மாதம் 3 முதல் 3.75 சதவிகிதம். வீட்டு மொழியில் சொன்னால் மூன்று வட்டியிலிருந்து மூன்றே முக்கால் வட்டி. ஆண்டுக்கு 36 முதல் 45 சதவிகிதம். அந்த வட்டியின் மீது 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி வேறு. ஆனாலும் யாரும் பதறுவதில்லை. ஏனென்றால், பில்லில் அது 'ஃபைனான்ஸ் சார்ஜஸ்' என்ற பெயரில், சின்ன எழுத்தில் வருகிறது.

கார்டு கெட்டது என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. முழுத் தொகையையும் உரிய தேதிக்குள் கட்டுபவருக்கு அது வட்டியே இல்லாத கைமாத்து. கட்டாதவருக்கு மூன்றரை வட்டிக் கடன். ஒரே கார்டுதான். எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது பில்லைப் படிப்பதில் இருக்கிறது.

கைமாத்து எத்தனை நாளைக்கு?

கார்டு விளம்பரங்களில் '50 நாள்கள் வரை வட்டி இல்லை' என்று இருக்கும். அதில் 'வரை' என்ற சொல்தான் முக்கியம்.

ஒரு கார்டுக்கு மாதா மாதம் 10-ம் தேதி பில் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 30-ம் தேதி கட்ட வேண்டிய கடைசி நாள். மே 12-ல் ஒரு பொருள் வாங்கினால், அது ஜூன் 10 பில்லில்தான் வரும். பணம் கட்ட ஜூன் 30 வரை நேரம் இருக்கிறது. 49 நாள்கள் கைமாத்து. அதே பொருளை மே 9-ல் வாங்கியிருந்தால், மறுநாளே பில்லில் ஏறிவிடும். மே 30-க்குள் கட்டியாக வேண்டும். 21 நாள்கள்தான் கிடைக்கும். மூன்று நாள் தள்ளி வாங்கியதில் நான்கு வாரம் கூடுதலாகக் கிடைக்கிறது. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஸ்கூல் ஃபீஸ் போன்ற பெரிய செலவுகளுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே உதவும்.

பில் வந்த பிறகு பணம் கட்டக் குறைந்தது இரண்டு வாரம் அவகாசம் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. சம்பளம் மாதக் கடைசியில் வரும்போது, கார்டுக்குக் கட்ட வேண்டிய தேதி 22 என்று இருந்தால் ஒவ்வொரு மாதமும் திண்டாட்டம்தான். அப்படிப்பட்டவர்கள் பில் போடும் தேதியை ஒருமுறையாவது மாற்றிக்கொள்ள வங்கி வாய்ப்பு தர வேண்டும். வங்கியின் ஆப்பிலோ, கஸ்டமர் கேரிலோ கேட்டாலே போதும். சம்பளம் வந்த நாலைந்து நாளில் கடைசித் தேதி வருமாறு அமைத்துக்கொண்டால், பாதித் தலைவலி தீர்ந்துவிடும்.

2,000 ரூபாய் கட்டியும் கடன் ஏறியது எப்படி?

பில்லில் இரண்டு தொகைகள் பெரிதாக இருக்கும். ஒன்று, கட்ட வேண்டிய மொத்தத் தொகை. மற்றொன்று 'மினிமம் அமவுன்ட் டியூ' என்கிற குறைந்தபட்சத் தொகை. பெரும்பாலும் மொத்தத்தில் 5 சதவிகிதம். குடும்பங்கள் வழுக்கி விழுவது இந்த இரண்டாவது எண்ணில்தான்.

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருப்பவர் மே 12-ம் தேதி இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து 40,000 ரூபாய் ஸ்கூல் ஃபீஸை கார்டில் கட்டுகிறார் என்று கொள்வோம். ஜூன் 10-ல் பில் வருகிறது. மொத்தம் ரூ.40,000, குறைந்தபட்சம் ரூ.2,000. ஜூன் மாதம் யூனிஃபார்ம், நோட்டு, ஷூ, வேன் ஃபீஸ் என்று செலவு வரிசை கட்டி நிற்கிறது. '2,000 கட்டினால் போதும்னு பேங்க்காரனே சொல்றானே' என்று அதை மட்டும் 30-ம் தேதி கட்டுகிறார்.

மீதி 38,000 ரூபாய். இதற்கு வட்டி ஜூன் 30-லிருந்து தொடங்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியல்ல. முழுத் தொகையைக் கட்டாவிட்டால், வட்டியில்லாக் காலம் ரத்தாகி, செலவு செய்த மே 12-லிருந்தே கணக்கு தொடங்கும். அடுத்த பில் வரும் ஜூலை 10 வரை 59 நாள்கள். மாதம் மூன்றரை வட்டி, அதாவது ஆண்டுக்கு 42 சதவிகிதம் என்றால், வட்டி சுமார் ரூ.2,580. அதற்கு ஜி.எஸ்.டி ரூ.464. ஆக, ஜூலை பில்லில் நிற்கும் பாக்கி ரூ.41,044.

கட்டியது 2,000 ரூபாய். கடன் குறையவில்லை, தொடங்கிய இடத்தைவிட ஆயிரம் ரூபாய் ஏறி நிற்கிறது.

இன்னொரு பாதிப்பும் உண்டு. பழைய பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்கும் எதற்கும் வட்டியில்லா நாள்கள் கிடையாது. ஜூலை 2-ம் தேதி மளிகைக்கு 5,000 ரூபாய் தேய்த்தால், அன்றிலிருந்தே அதற்கும் மூன்றரை வட்டி ஓடும். அரிசிக்கும் பருப்புக்கும் வட்டி கட்டிச் சாப்பிடும் நிலை இது.

'குறைந்தபட்சம் கட்டினால் போதும்' என்பதன் பொருள் ஒன்றுதான். அந்த மாதம் தாமதக் கட்டணம் விழாது. கடன் தவணை தவறியவர் என்ற பெயர் வராது. அவ்வளவே. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தால் கடன் மாதங்கள், ஆண்டுகள் என நீளும், வட்டிக்கு வட்டி ஏறும் என்ற எச்சரிக்கையை பில்லிலேயே அச்சிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. செல்போன் திரையில் பில்லைத் திறந்து, தொகையை மட்டும் பார்த்து மூடிவிடுபவர்களின் கண்ணில் அந்த வரி படுவதில்லை.

ஒரே கடன், மூன்று முடிவுகள்

அந்த 40,000 ரூபாய் பாக்கியையே எடுத்துக்கொள்வோம். கார்டில் வேறு எந்தச் செலவும் செய்யாமல் மாதா மாதம் ஒரே தொகையைக் கட்டி அடைத்தால் என்ன ஆகும்? மூன்றரை வட்டியும் ஜி.எஸ்.டி-யும் சேர்ந்தால் மாதம் 4.13 சதவிகிதம். அந்தக் கணக்கில் பார்க்கலாம்.

* மாதம் ரூ.2,000 கட்டினால், அடைபட மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் ஆகும். மொத்தம் கட்டுவது சுமார் ரூ.86,400.

* மாதம் ரூ.4,000 கட்டினால், 13 மாதங்களைத் தாண்டும். மொத்தம் சுமார் ரூ.52,600.

* மாதம் ரூ.8,000 கட்டினால், ஆறு மாதத்துக்குள் முடிந்துவிடும். மொத்தம் சுமார் ரூ.45,700.

முதல் வழியில் போனால், இந்த ஆண்டு ஆறாம் வகுப்புக்குக் கட்டிய ஃபீஸை, பிள்ளை பத்தாம் வகுப்புக்குப் போகும் நேரத்தில்தான் அடைத்து முடிப்பார் தகப்பனார். ஃபீஸைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமாகக் கட்டியிருப்பார். 

தானாகப் பணம் பிடிக்கும் 'ஆட்டோ பே' வசதி வைத்திருப்பவர்களும் ஒருமுறை உள்ளே போய்ப் பார்ப்பது நல்லது. 'மொத்தத் தொகை', 'குறைந்தபட்சத் தொகை' என்று இரண்டு விருப்பங்கள் அங்கே இருக்கும். விண்ணப்பம் போட்ட அன்று அவசரத்தில் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, 'மாசாமாசம் ஒழுங்காத்தானே போகுது' என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு.

உச்சவரம்பு உண்டா?

இவ்வளவு வட்டி வாங்கலாமா என்ற கேள்வி நீதிமன்றம் வரை போனதுதான். உரிய தேதியில் கட்டத் தவறியவர்களிடம் ஆண்டுக்கு 30 சதவிகிதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008 ஜூலையில் தீர்ப்பளித்தது. வங்கிகள் மேல்முறையீடு செய்தன. வழக்கு 16 ஆண்டுகள் நடந்தது. 2024 டிசம்பர் 20 அன்று அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆக, '30-க்கு மேல் கூடாது' என்ற வரம்பு இப்போது கிடையாது. கார்டின் வட்டி விகிதம் எவ்வளவு என்பதை வாங்குபவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். முக்கிய விதிமுறைகள் என்ற தலைப்பில் கார்டுடன் வரும் தாளிலும், வங்கியின் இணையதளத்திலும் அது இருக்கும்.

ஏ.டி.எம்-மில் எடுத்தால் பத்து வட்டி

கிரெடிட் கார்டைப் போட்டு ஏ.டி.எம்-மில் பணம் எடுக்க முடியும். முடியும் என்பதற்காக எடுத்துவிடக் கூடாது. இதற்கு வட்டியில்லா நாள் ஒன்றுகூடக் கிடையாது. பணம் கைக்கு வந்த நிமிடத்திலிருந்து வட்டி. அதற்கு முன்பாகவே ஒரு கட்டணம்.

10,000 ரூபாய் எடுத்து, சரியாக ஒரு மாதத்தில் திருப்பிக் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். கட்டணம் 500 ரூபாய் என்றால், ஜி.எஸ்.டி-யோடு 590. ஒரு மாத வட்டி ஜி.எஸ்.டி-யோடு சுமார் 407. கிட்டத்தட்ட 1,000 ரூபாய் போய்விடும். நூற்றுக்குப் பத்து! ஊரில் யாரும் பத்து வட்டிக்குக் கை நீட்ட மாட்டார்கள்.

'கார்டைத் தேய்த்தால் கையில் காசு' என்று சில கடைகளில் ரகசியமாக நடக்கும் வியாபாரமும் இப்படித்தான். பொருள் வாங்கியதாகப் பொய் பில் போட்டு, கமிஷனை எடுத்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். ஒரு கார்டின் பாக்கியை அடைக்க இன்னொரு கார்டைத் தேய்ப்பவர்கள்தான் பெரும்பாலும் இவர்களிடம் போவது. கார்டு விதிமுறைக்கு இது விரோதம். வங்கி கண்டுபிடித்தால் கார்டை முடக்கலாம். முழுப் பாக்கியும் தலைமேல் நிற்கும்.

'நோ காஸ்ட்' தவணையில் ஒளிந்திருக்கும் காசு

பண்டிகைக் காலம் வந்தால் 'வட்டியில்லா தவணை' விளம்பரங்கள் களைகட்டும். பூஜ்ய வட்டி என்று ஒன்று உண்மையில் கிடையாது, வட்டியை வேறு கட்டணங்களில் மறைத்து வாங்குகிறார்கள் என்று 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளைக் கண்டித்தது. இப்போது நடைமுறை வேறு வடிவில் இருக்கிறது. வங்கி வட்டி போடும். அந்த வட்டிக்குச் சமமான தொகையைக் கடைக்காரரோ, தயாரிப்பாளரோ முன்கூட்டியே தள்ளுபடியாகக் கொடுத்துவிடுவார்.

24,000 ரூபாய் செல்போன், ஆறு மாதம், மாதம் 4,000 ரூபாய் தவணை. கணக்கு சரியாகத்தான் தெரிகிறது. ஆனால், ஆண்டு வட்டி 15 சதவிகிதம் என்றால், தவணைக்குள் இருக்கும் வட்டி சுமார் 1,016 ரூபாய். அந்த வட்டிக்கான ஜி.எஸ்.டி 183 ரூபாயை வாங்குபவர்தான் கட்ட வேண்டும். செயலாக்கக் கட்டணம் 199 ரூபாய் என்றால் வரியோடு 235. மொத்தம் 400 ரூபாய்க்கு மேல் கூடுதல். இது பெரிய தொகை இல்லை, தெரிந்தே கொடுக்கலாம். கேட்க வேண்டிய கேள்வி வேறு. 'மொத்தமாகப் பணம் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள்?' என்று கடைக்காரரிடம் கேட்க வேண்டும். அவர் 1,500 ரூபாய் குறைப்பதாகச் சொன்னால், தவணையின் உண்மையான விலை அதுவும் சேர்ந்ததுதான்.

ரிவார்டு பாயின்ட், கேஷ்பேக் கதையும் இதற்குப் பக்கத்தில்தான். 100 ரூபாய் செலவுக்கு ஒரு ரூபாய் கேஷ்பேக் தரும் கார்டு என்றால், மாதம் 20,000 ரூபாய் செலவுக்கு 200 ரூபாய் லாபம். நல்லதுதான். ஆனால், ஒரு மாதம் அந்த 20,000-ஐ கட்டாமல் விட்டால் வட்டியும் வரியும் 826 ரூபாய். நான்கு மாத லாபம் ஒரே மாதத்தில் போச்சு. கார்டு என்றால் 2 சதவிகிதம் கூடுதல் என்று கேட்கும் கடைகளும், ஃபீஸுக்கு மேல் கார்டு கட்டணம் போடும் பள்ளிகளும் உண்டு. அங்கே ஒரு சதவிகித பாயின்ட்டுக்காகக் கார்டை நீட்டுவது நஷ்டக் கணக்கு. டெபிட் கார்டோ, வங்கிப் பரிமாற்றமோ போதும்.

டீக்கடை வரை வந்த கடன்

முன்பெல்லாம் கிரெடிட் கார்டு என்றால் ஜவுளிக்கடை, பெட்ரோல் பங்க், பெரிய ஹோட்டல். 2022-ல் ரூபே கிரெடிட் கார்டுகளை யு.பி.ஐ-யோடு இணைக்க அனுமதி கிடைத்த பிறகு, டீக்கடை க்யூ.ஆர் அட்டையிலும் கிரெடிட் கார்டு வேலை செய்கிறது. காய்கறிக்கு 60, பூவுக்கு 30, ஆட்டோவுக்கு 80 என்று ஸ்கேன் செய்யும்போது, போவது சேமிப்புக் கணக்கிலிருந்தா, கடன் கணக்கிலிருந்தா என்பதே சிலருக்கு நினைவில் இருப்பதில்லை.

நாள் ஒன்றுக்கு 250 ரூபாய் என்றால், மாதம் 7,500 ரூபாய். பில் வரும்போது நாற்பது, ஐம்பது சின்னச் சின்ன வரிகள். எதைக் குறைப்பது என்றே தெரியாது. தெரு முனை மளிகைக் கடையில் 'கணக்கு நோட்டு' வைத்து வாங்கிய காலத்தில், வாரம் ஒருமுறையாவது நோட்டைப் புரட்டிப் பார்ப்பார்கள். அந்தப் பழக்கத்தை செல்போனிலும் வைத்துக்கொள்ளலாம். ஞாயிறுதோறும் கார்டு ஆப்பைத் திறந்து, இதுவரை ஏறியிருக்கும் தொகையைப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் ஆகாது. அன்றாடச் சில்லறைச் செலவுக்கு சேமிப்புக் கணக்கு, மாதம் ஒருமுறை வரும் பெரிய செலவுக்குக் கார்டு என்று பிரித்துக்கொள்வது இன்னும் எளிது.

"கார்டைக் கொஞ்சம் குடு மாப்ளே..."

சொந்தபந்தங்களுக்குள் நடக்கும் ஒரு பழக்கம் பல வீடுகளில் மனக்கசப்பில் முடிகிறது. "உன் கார்டுல தவணையில ஒரு டி.வி எடுத்துக்கறேன், மாசாமாசம் கரெக்ட்டா குடுத்துடுறேன்" என்று மச்சானோ, சித்தப்பா மகனோ கேட்பார். முகத்துக்கு நேராக மறுக்க முடியாது. முதல் மூன்று தவணை வரும். நான்காவது மாதம் போன் எடுக்க மாட்டார்.

வங்கிக்கு மச்சானைத் தெரியாது. கார்டில் யார் பெயர் இருக்கிறதோ, பாக்கி அவருடையது. தவணை தவறினால் கெடுவது அவருடைய பெயர். குடும்பத்தினருக்கு வாங்கித்தரும் துணைக் கார்டுக்கும் இதே விதிதான். கேட்பவருக்கு உதவ மனம் இருந்தால், திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய தொகையைக் கையில் கொடுப்பது உறவுக்கும் நல்லது.

இதைவிடச் சிக்கலானது, ஒரே வீட்டுக்குள் மறைக்கப்படும் கடன். கார்டு பில் ஒருவருடைய மெயிலுக்கும் போனுக்கும் மட்டுமே வருகிறது. அடகுக் கடை ரசீதைப் பீரோவில் பார்த்துவிடலாம். கார்டு பாக்கியை அப்படிப் பார்க்க முடியாது. கணவருக்குத் தெரியாமல் மனைவியோ, மனைவிக்குத் தெரியாமல் கணவரோ குறைந்தபட்சத் தொகையைக் கட்டிக்கொண்டே இருந்தால், வீட்டுக்குத் தெரியவரும்போது தொகை கைமீறிப் போயிருக்கும். மாதம் ஒருநாள், பில் வந்த அன்று, இருவரும் சேர்ந்து அதைத் திறந்து பார்ப்பது கேஸ் பதிவு செய்வது போல ஒரு வீட்டு வேலையாகவே ஆகிவிட வேண்டும்.

ஸ்கோர் என்ன சொல்கிறது?

வீட்டுக் கடனுக்கு வங்கிக்குப் போனால் முதலில் பார்ப்பது சிபில் ஸ்கோரைத்தான். 300-லிருந்து 900 வரையிலான எண் அது. தேதி தவறாமல் கட்டுவதும், கிடைத்த வரம்பை முழுக்கப் பயன்படுத்தாமல் இருப்பதும் ஸ்கோரை உயர்த்தும். ஒரு லட்சம் வரம்புள்ள கார்டில் 30,000 ரூபாய்க்குள் செலவை வைத்துக்கொள்வது நல்ல அளவு என்பது பொதுவான ஆலோசனை. வரம்பு என்பது வங்கி கொடுக்கத் தயாராக இருக்கும் கடன். சம்பளத்தோடு சேர்த்து எண்ணக் கூடாது.

2025 ஜனவரியிலிருந்து குறைந்தது 15 நாளுக்கு ஒருமுறை வங்கிகள் இந்தத் தகவலைப் புதுப்பிக்க வேண்டும். இந்தியாவில் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்கள் உள்ளன. ஒவ்வொன்றிடமும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகப் பெறலாம். எடுக்காத கடன், மூடிய பிறகும் திறந்திருப்பதாகக் காட்டும் கார்டு போன்ற தவறுகள் அதில் இருந்தால் புகார் செய்யலாம். 30 நாளில் சரிசெய்யாவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும்.

மூன்று நாள் கணக்கு

"உங்க ரிவார்டு பாயின்ட் இன்னிக்கு ராத்திரியோட காலாவதி ஆகுது சார்", "லிமிட்டை ஏத்தித் தர்றோம் மேடம்" என்று வரும் அழைப்புகளில் மோசடி ஏராளம். லிங்க்கை அழுத்தச் சொல்வார்கள். வாட்ஸ்அப்பில் ஆப் அனுப்பி நிறுவச் சொல்வார்கள். கடைசியில் ஓ.டி.பி கேட்பார்கள். கார்டு வைத்திருப்பவரின் சம்மதம் இல்லாமல் வரம்பை ஏற்றவே வங்கிக்கு அனுமதி இல்லை. அதை ஏற்ற ஓ.டி.பி-யை வாயால் சொல்லச் சொல்லும் வங்கியும் இல்லை.

தெரியாமல் பணம் போய்விட்டால் கார்டை உடனே ஆப்பிலேயே முடக்கிவிட்டு, வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2017-ல் வகுத்த விதிப்படி, வாடிக்கையாளர் மீதும் வங்கி மீதும் தவறில்லாமல் நடந்த மோசடியை மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால், வாடிக்கையாளருக்கு நஷ்டம் இல்லை. நான்கு முதல் ஏழு நாள்கள் ஆகிவிட்டால் ஒரு பகுதி அவர் தலையில் விழலாம். ஓ.டி.பி-யை அவரே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போன பணம் அவருடைய நஷ்டம்தான். அதனால், 'யார்கிட்ட சொல்றது, அசிங்கமா இருக்கே' என்று தயங்கும் ஒவ்வொரு மணி நேரமும் காசு.

ஏற்கெனவே சிக்கியவர்கள் என்ன செய்யலாம்?

முதல் வேலை, அந்தக் கார்டில் புதுச் செலவை நிறுத்துவது. பாக்கி நிற்கும்போது வாங்கும் ஒவ்வொன்றுக்கும் அன்றிலிருந்தே வட்டி என்பதால், தண்ணீர் இறைக்கும்போதே குழாயையும் திறந்துவிட்டது போல ஆகிவிடும். ஷாப்பிங், உணவு ஆப்களில் சேமித்து வைத்திருக்கும் கார்டு விவரத்தையும் நீக்கிவிட வேண்டும்.

இரண்டாவது, அதிக வட்டிக் கடனைக் குறைந்த வட்டிக் கடனாக மாற்றுவது. வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் 'நகையை வெச்சிருக்கலாமே' என்பதில் நல்ல கணக்கு இருக்கிறது. வங்கி நகைக்கடன் ஆண்டுக்கு 12 சதவிகிதம், அதாவது ஒரு வட்டி என்றே வைத்துக்கொண்டாலும், அதே 40,000 ரூபாயை மாதம் 4,000 வீதம் அடைத்தால் 11 மாதத்தில் முடிகிறது. மொத்தம் கட்டுவது சுமார் ரூ.42,400. கார்டிலேயே வைத்து அடைத்திருந்தால் ரூ.52,600. பத்தாயிரம் ரூபாய் மிச்சம். ஒரே ஒரு நிபந்தனை: நகை வீட்டுக்குத் திரும்பும்வரை கார்டைத் தொடக் கூடாது. தொட்டால் அடகும் இருக்கும், கார்டு பாக்கியும் இருக்கும். நகை இல்லாதவர்கள், பாக்கியைத் தவணையாக மாற்றித் தருமாறு கார்டு கொடுத்த வங்கியிடமே கேட்கலாம். அந்த வட்டி பெரும்பாலும் மூன்றரை வட்டியைவிடக் குறைவாகவே இருக்கும்.

வசூல் ஏஜென்ட்டுகள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் அழைக்கக் கூடாது. குடும்பத்தினரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்து அவமானப்படுத்தக் கூடாது. அப்படி நடந்தால் அழைப்பு வந்த நேரத்தைக் குறித்துவைத்து, வங்கிக்கு எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் போகலாம். வங்கி 'பாதி கட்டினால் போதும், முடித்துக்கொள்ளலாம்' என்று பேரம் பேசினால் யோசிக்க வேண்டும். கடன் அறிக்கையில் அது 'முழுதும் கட்டி முடித்தது' என்று வராது. 'செட்டில்டு' என்று பதிவாகும். நாளை வீட்டுக் கடன் கேட்கும்போது அந்தச் சொல் எதிரே வந்து நிற்கும். வேறு வழியே இல்லாதபோது மட்டும் அதை ஏற்கலாம்.

பாக்கி தீர்ந்த பிறகு கார்டு வேண்டாம் என்று தோன்றினால், மூடச் சொல்லி எழுத்து மூலம் கேட்கலாம். ஏழு வேலை நாள்களுக்குள் மூட வேண்டும். இழுத்தடித்தால், பாக்கி எதுவும் இல்லாத பட்சத்தில், ஒரு நாளைக்கு 500 ரூபாய் வீதம் வாடிக்கையாளருக்கு அபராதம் தர வேண்டும் என்பது விதி. வைத்துக்கொள்ள நினைப்பவர்கள், வரம்பைக் குறைத்துத் தரும்படி கேட்டு, மாதச் சம்பளத்தில் அடைக்கக்கூடிய அளவுக்கு அதைக் கொண்டுவந்துவிடலாம். அடுத்த ஜூன் மாத ஃபீஸுக்கு இப்போதிருந்தே மாதம் 3,500 ரூபாய் தனியாக எடுத்து வைத்தால், 12 மாதத்தில் 42,000 ரூபாய் கையில் இருக்கும். அப்போதும் கார்டில் ஃபீஸ் கட்டலாம். பணம் ஏற்கெனவே வங்கியில் காத்திருக்கும்.